பழைய லாண்ட் ரோவர் கண்ணில் பட்டால்: முதலில் டேப்பை எடுங்கள்

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஏதாவதொரு வளவில் பழைய லாண்ட் ரோவர் ஒன்று நிற்கக் கண்டால் முகத்தைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். ஹெட்லைட் நடுவிலிருந்தால் பழையது, மட்காட்டிலிருந்தால் 1960களின் கடைசிக்குப் பிந்தியது என்பது சரிதான். ஆனால் முன்பக்கத் தகடுகளெல்லாம் போல்ட்டில் நிற்பவை. ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவுக்கு அளந்து பாருங்கள். 88 அங்குலமோ 109 அங்குலமோ வந்தால் 1958க்குப் பிந்திய சீரிஸ் 2, 2ஏ, 3 வகைகளில் ஒன்றாக இருக்கலாம். 80, 86 அல்லது 107 வந்தால் அது முதல் வகையான சீரிஸ் 1. எனக்கென்றால் அன்றைக்கு நித்திரை வராது! இவை எதிலும் சேராத அளவென்றால் சேசிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று வெல்டிங் தடம் தேடுங்கள்.

அடுத்தது சேசிஸ் இலக்கம். சீரிஸ் 2 முதல் வலது முன் வில்லுத்தகடு கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அடித்திருக்கும். பொடி அலுமினியம், சேசிஸ் இரும்பு. எங்கள் கடற்காற்றில் கறள் அந்த இலக்கத்தைத்தான் முதலில் மூடும். கிரைண்டர் வேண்டாம், இலக்கமே போய்விடும். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போதும். பிறகு சோக்கட்டியால் தேய்த்துப் படமெடுங்கள்.

அதை சீ.ஆர். புத்தகத்தோடு, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழோடு, ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கம் பொருந்தாவிட்டால் பதறவேண்டாம், யப்பான் டீசல் எஞ்சின் ஏற்றியது இங்கே சாதாரணம். சேசிஸ் இலக்கம் பொருந்தாவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.