கு, மு உடையாம தமிழ் ஃபான்டை நம்ம சைட்லயே ஏத்துறது எப்படி?

கூகுள் ஃபான்ட்ஸ் லிங்கை ஹெட்ல ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேப்பீங்க. முன்னாடி அதுல ஒரு நியாயம் இருந்துச்சு, வேற ஏதாவது சைட் பாக்கும்போதே அந்த ஃபான்ட் பிரவுசர் கேஷ்ல (தற்காலிக சேமிப்புல) இறங்கியிருக்கும், நமக்கு ஓசில கிடைக்கும். 2020 கடைசில குரோம் 86 வந்ததும் சைட்டுக்கு சைட் கேஷைத் தனித்தனியா பிரிச்சுட்டாங்க, அதோட அந்த லாபம் போச்சு. இப்ப இன்னொரு சர்வருக்குப் போய் வர்ற நேரம்தான் நமக்கு நஷ்டம்.

சிஎஸ்எஸ் தெரியும், மெஷின்ல பைத்தான் இருக்குன்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

ஸ்டெப் 1: ஃபான்ட். பாடி டெக்ஸ்டுக்கு முக்தா மலர் இல்லன்னா நோட்டோ சான்ஸ் தமிழ், தலைப்புக்கு கேட்டமரன். பலூ தம்பி பாக்க அழகா இருக்கும், ஆனா அதுல நாலு பாரா படிச்சுப் பாருங்க, கண்ணு வலிக்கும். எல்லா வெயிட்டையும் அள்ளாதீங்க, 400-ம் 700-ம் போதும்.

ஸ்டெப் 2: டூல். பிப் வச்சு ஃபான்ட்டூல்ஸ் (ஃபான்ட் ஃபைலை வெட்ட, மாத்த உதவுறது), பிராட்லி (ஃபைலைச் சுருக்குறது) ரெண்டையும் இன்ஸ்டால் பண்ணுங்க. பிராட்லி இல்லாம டபிள்யூஓஎஃப்எஃப்2 (வெப்புக்குன்னு சுருக்கின ஃபான்ட் வடிவம்) ஃபைல் வராது, எரர்தான் வரும். ஆன்லைன் கன்வெர்ட்டர் பக்கமே போகாதீங்கன்னு சொல்லுவேன், சிலது ஃபைல் சைஸைக் குறைக்கிறேன்னு ஃபான்டுக்குள்ள இருக்கிற எழுத்து சேர்க்கிற விதிகளையும் சேர்த்துத் தூக்கிடும்.

ஸ்டெப் 3: சப்செட், அதாவது ஃபான்ட்லேர்ந்து வேண்டிய எழுத்தை மட்டும் வெட்டி எடுக்கிறது. இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க, மெதுவா படிங்க. ஃபான்ட்டூல்ஸோட வர்ற பைஎஃப்டி-சப்செட் கமாண்ட்ல ஃபேமிலியோட டிடிஎஃப் ஃபைலைக் குடுத்து, ஃப்ளேவர் டபிள்யூஓஎஃப்எஃப்2, அப்புறம் யூனிகோட்ஸ்ல 0பி80-லேர்ந்து 0பிஎஃப்எஃப் வரைக்கும் முழு தமிழ் பிளாக், கூடவே 200சி, 200டி (எழுத்தைப் பிரிக்க, சேர்க்கன்னு இருக்கிற கண்ணுக்குத் தெரியாத குறிகள்), 25சிசி (புள்ளி வட்டம்), ரூபாய் குறிக்கு 20பி9. கூகுள் ஃபான்ட்ஸோட சிஎஸ்எஸைத் திறந்து பாருங்க, அவங்களும் தமிழோட இதையெல்லாம் சேர்த்துத்தான் வச்சிருப்பாங்க.

சைட்ல வர்ற எழுத்தை மட்டும் டெக்ஸ்ட் ஆப்ஷன்ல குடுத்து இன்னும் சின்னதாக்கலாம்னு தோணும். தமிழுக்கு வேண்டாம். 'கொ' எழுதுனா பிரவுசர் அந்த ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, கால்னு ரெண்டா பிரிச்சுதான் வரையும். உங்க டெக்ஸ்ட்ல 'கெ', 'கா' மாதிரி எதுவும் தனியா வரலன்னா அந்த ரெண்டும் ஃபான்ட்லயே இருக்காது, எழுத்து கலைஞ்சுரும்.

அடுத்தது லேஅவுட் ஃபீச்சர்ஸ், அதாவது மேல சொன்ன எழுத்து சேர்க்கிற விதிகள்ல எதையெல்லாம் வச்சுக்கணும்னு சொல்ற ஆப்ஷன். பாதி டுடோரியல்ல இதுக்கு ஒத்தை மேற்கோள் குறிக்குள்ள நட்சத்திரம் (எல்லாத்தையும் வச்சுக்கன்னு அர்த்தம்) போடச் சொல்லியிருப்பாங்க. மேக், லினக்ஸ்ல சரியா வேலை செய்யும். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட் அந்த மேற்கோள் குறியையும் சேர்த்தே அனுப்பிடும், அப்படி ஒரு ஃபீச்சரே இல்லையேன்னு டூல் எல்லா ஃபீச்சரையும் தூக்கிப் போட்டுட்டு எரர் கூட காட்டாம முடிச்சுரும். பிரவுசர்ல பாத்தா 'கு' ஒரு 'க', பக்கத்துல ஒட்டாத ஒரு வால்னு நிக்கும், க்ஷ பிரிஞ்சு நடுவுல புள்ளி தெரியும். நான் அந்த ஆப்ஷனையே எழுதறதில்ல. இந்திய மொழிகளுக்கு வேண்டியதை டூல் தானாவே வச்சுக்கும்.

ஃபைல் ரெடியானதும் இந்த வரியை ஒரு பேஜ்ல போட்டுப் பாருங்க:

கு கூ து தூ மு மூ டி டீ கொ கோ கௌ க்ஷ ஸ்ரீ ஶ்ரீ

எல்லாம் ஒழுங்கா தெரிஞ்சாதான் அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 4: ஃபான்ட்-ஃபேஸ். யூனிகோட்-ரேஞ்ச்ல மேல சொன்ன அதே ரேஞ்ச், ஃபான்ட்-டிஸ்ப்ளே ஸ்வாப். ப்ரீலோட் (ஃபான்டை முன்கூட்டியே இறக்கச் சொல்ற லிங்க்) போட்டா கிராஸ்ஆரிஜினும் கண்டிப்பா போடுங்க, ஃபைல் நம்ம சர்வர்லயே இருந்தாலும் சரி, இல்லன்னா ஒரே ஃபான்ட் ரெண்டு தடவை டவுன்லோட் ஆகும். இங்கிலீஷ் பக்கத்துல தமிழ் பெருசா தெரிஞ்சா சைஸ்-அட்ஜஸ்ட் 92% மாதிரி வச்சுப் பாருங்க, சஃபாரில 17-லேர்ந்துதான் இது வேலை செய்யும்.

ஸ்டெப் 5: மிச்ச சிஎஸ்எஸ். பாடிக்கு லைன்-ஹைட் 1.7. இப்ப எல்லா டெம்ப்ளேட்லயும் தலைப்புக்கு நெகட்டிவ் லெட்டர்-ஸ்பேஸிங் வச்சிருக்காங்க, தமிழ்ல அது இடிச்சுக்கிட்டு நிக்கும், சுழியமாக்கிடுங்க. இட்டாலிக்குன்னு தமிழ் ஃபான்ட்ல பெரும்பாலும் கிடையாது, பிரவுசரே சாய்ச்சு வைக்கும், ஃபான்ட்-சிந்தசிஸ் நன் போட்டா நிறுத்திடலாம்.

அப்டேட்: கமென்ட்ல ஒரு தம்பி கேட்டிருந்தாரு, கிரேடியன்ட் கலர் தலைப்புல 'மூ', 'ஸ்ரீ' மேலயும் கீழயும் வெட்டுப்படுதுன்னு. ஃபான்ட் மேல தப்பில்ல. பேக்ரவுண்ட்-கிளிப் டெக்ஸ்ட் போட்டா பெட்டிக்கு வெளிய போற பகுதிக்குக் கலரே கிடைக்காது, லைன்-ஹைட் 1.1-ன்னா தமிழ் கண்டிப்பா வெளிய போகும். லைன்-ஹைட் 1.4, மேலயும் கீழயும் பேடிங் 0.15 இஎம் வச்சுப் பாருங்க, அதுக்கும் வெட்டுப்பட்டா பேடிங்கை மட்டும் கொஞ்சம் கூட்டுங்க.