வண்டியை 2 இன்ச் தூக்கிப் பெரிய டயர் மாட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டால், அதாவது உயரமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாட்டினால், வண்டியின் அடிப்பாகம் முழுக்க உயர்ந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உயர்வது பாடியும் அதைத் தாங்கும் சட்டமான சேசிஸும்தான். முழு ஆக்சில் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே தண்டு) உள்ள வண்டிகளில், அதன் நடுவே பூசணிக்காய் போலத் தொங்குகிற டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) இருந்த உயரத்திலேயேதான் இருக்கும். பாறையில் முதலில் இடிப்பதும் அதுவே. அதை மேலே தூக்க டயரால் மட்டுமே முடியும். அதுவும் டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டயரில் 265/70 ஆர்17 என்று இருந்தால், 265 என்பது அகலம், மில்லிமீட்டரில். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். ரிம் 17 இன்ச். மொத்த விட்டம் சுமார் 31.6 இன்ச் வரும். அதே ரிம்மில் 285/70 போட்டால் 32.7 இன்ச். வித்தியாசம் 1.1 இன்ச், டிஃபரென்ஷியலுக்குக் கிடைப்பது அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே. லிஃப்டின் முக்கிய வேலை அந்தப் பெரிய டயருக்கு வீல் ஆர்ச்சுக்குள் இடம் உண்டாக்குவதுதான். அதனால் முதலில் டயர் அளவை முடிவு செய்யுங்கள், அப்புறம் அதற்குப் போதுமான லிஃப்டைத் தேடுங்கள். முதல்முறை செய்பவர்களுக்கு 2 இன்ச் போதும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேலே போனால் புரொப்பல்லர் ஷாஃப்டின் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கோணம், கன்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கை), ஸ்டியரிங் என்று ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்ற வேண்டிவரும்.

நான் இங்கே சொல்லும் முறை சுசுகி ஜிம்னி, ஜீப் ராங்லர் போல முன்னும் பின்னும் முழு ஆக்சிலும் காயில் ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளுக்கானது. முன்பக்கம் ஸ்டிரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த பாகம்) உள்ள வண்டி என்றால் அதை வீட்டில் பிரிக்காதீர்கள். ஸ்டிரட்டுக்குள் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும். சரியான கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் அது பாய்ந்து வந்து ஆளையே சாய்த்துவிடும். அந்த ஒரு வேலையை மட்டுமாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

எவ்வளவு உயரம், எவ்வளவு பெரிய டயர் வரை சட்டம் அனுமதிக்கிறது, இன்சூரன்ஸ் செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். லிஃப்ட் கிட் (ஸ்பிரிங், ஷாக் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) வாங்கும் முன்பே இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

முந்தின நாள்

கழற்றப்போகிற எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஊற விடுங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டும் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) நட்டும்தான் பெரும்பாலும் மல்லுக்கட்டும். கிட்டைப் பிரித்து எது முன் ஸ்பிரிங், எது பின் ஸ்பிரிங் என்று பார்த்துவையுங்கள். சில கிட்களில் இடது ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும்கூட வேறு வேறாக இருக்கும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருந்து டார்க் அளவுகளை (எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கமாக முறுக்க வேண்டும் என்ற எண்களை) ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கிரீஸ் கையோடு போனைத் தேட வேண்டியிருக்காது.

முதல் வேலை: அளவெடுப்பது

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை அளந்து, அந்த எண்ணை ஒரு டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். நான்கு மூலையிலும் செய்ய வேண்டும். வேலை முடிந்தபின் லிஃப்ட் நிஜமாகவே எவ்வளவு கிடைத்தது, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று சொல்லப்போவது இந்த நான்கு எண்கள்தான்.

தூக்குவது

முன்பக்கம் தூக்கும்போது பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்பக்கம் தூக்கும்போது முன்சக்கரங்களுக்குக் கட்டை கட்டாயம், ஏனென்றால் பல வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான், அவை அப்போது காற்றில் இருக்கும். ஜாக் ஸ்டாண்டுகளைச் சேசிஸுக்கு அடியில் வைத்து, வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூட அடியில் போகக் கூடாது. சக்கரங்களைக் கழற்றியதும் ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு டிராலி ஜாக்கியை முட்டுக் கொடுங்கள்.

பழையதை இறக்குவது

ஸ்டெபிலைசர் லிங்க் ராடுகளைக் கழற்றுங்கள். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் பிடித்திருக்கிற கிளிப்புகளை விடுவியுங்கள். ஆக்சில் பாரத்தை ஜாக்கி தாங்கியிருக்கும்போதே ஷாக்கின் கீழ் போல்ட்டையும் அப்புறம் மேல் நட்டையும் எடுத்துவிடுங்கள். இப்போது ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். இந்த இரண்டு நிமிடமும் கண் பிரேக் ஹோஸிலேயே இருக்கட்டும். ஆக்சில் முழு எடையோடு ஹோஸில் தொங்கினால் உள்ளே கிழிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஹோஸ் விறைப்பாகிறது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பிரிங் தளர்ந்து ஆடத் தொடங்கியதும் ஆக்சிலை ஒரு பக்கம் கீழே அழுத்திக்கொண்டு அந்தப் பக்க ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிடலாம்.

புதியதை ஏற்றுவது

பழைய ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் ரப்பர் இருக்கையைத் துடைத்துப் புதியதில் வையுங்கள். ஸ்பிரிங்கின் கீழ் முனை ஆக்சில் தட்டிலுள்ள பள்ளத்தில் போய் முட்டும்வரை சுழற்றுங்கள். முட்டாமல் விட்டால் ஓட்டும்போது டங் என்று சத்தம் போட்டுத் தானே உட்காரும், அந்தப் பக்க உயரமும் மாறிவிடும். அப்புறம் புதிய ஷாக்குகள். கிட்டோடு நீளமான பம்ப் ஸ்டாப் வந்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது பெரிய டயர் ஃபெண்டரில் ஏறாமல் தடுப்பது அதுதான்.

பான்ஹார்ட் ராடு என்று ஆக்சிலைச் சேசிஸோடு குறுக்காக இணைக்கும் கம்பி ஒன்று உண்டு. வண்டி உயர்ந்ததும் அதன் சாய்வு கூடுகிறது, அதனால் ஆக்சிலைச் சேசிஸ் முனை இருக்கும் பக்கமாக இழுத்துவிடும். 2 இன்ச் லிஃப்டில் இது ஒரு சென்டிமீட்டர் வரை வரலாம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள ராடு போட்டால் ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவரலாம்.

முறுக்குவது: இதில் அவசரப்படாதீர்கள்

கன்ட்ரோல் ஆர்ம், பான்ஹார்ட் ராடு, ரப்பர் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) உள்ள ஷாக் போல்ட் எதையும் வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுதாக முறுக்கக் கூடாது. புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடு இறுகிவிடும், வெளிச்சுற்று ஆர்மோடு அசையும், நடுவில் உள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினால், சும்மா நிற்கும்போதே அந்த ரப்பர் முறுகியபடி இருக்கும்.

என் முதல் வண்டியில் இதைத் தெரியாமல் செய்தேன். வண்டி எதிர்பார்த்ததைவிட உயரமாக நின்றது, நல்ல லிஃப்ட் என்று சந்தோஷப்பட்டேன். சில மாதங்களில் சின்னக் குழியில் இறங்கினாலே கிரீச் என்று சத்தம் வந்தது. அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், புஷ்ஷைச் சுற்றிப் பிறை நிலா போல ஒரு கிழிசல், விளிம்பில் கரித்தூள் போல ரப்பர்ப் பொடி. நான்கு புஷ்களை மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் கையால் திருகி லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் வைத்து, சக்கரங்களை மாட்டித் தரையில் இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பம்பரை அழுத்தி ஆட்டியபின் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஒவ்வொன்றையும் முறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள்.

டயர் மாட்டுவது

புது டயரின் லோடு எண் (எவ்வளவு எடை தாங்கும் என்பதன் குறியீடு) பழையதைவிடக் குறையக் கூடாது. ரிம்மும் மாற்றினால் ஆஃப்செட்டை, அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதை, கவனியுங்கள். உள்ளே அதிகம் போனால் கன்ட்ரோல் ஆர்மில் உரசும், வெளியே வந்தால் பம்பர் முனையில் உரசும். வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் முறுக்குங்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும். ஒரே ஆக்சிலில் இரண்டு விட்டம் இருந்தால் டிஃபரென்ஷியல் ஓயாமல் சுழன்று சூடாகும்.

இப்போது ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். அதோடு போதாது. ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி மறுபடி ஒடியுங்கள், வெறும் தரையில் தெரியாத உரசல் அங்கேதான் தெரியும். சில நாள் ஓட்டியபின் வீல் ஆர்ச்சின் உள்ளே பாருங்கள். தூசி படிந்த பிளாஸ்டிக்கில் ஒரு இடம் மட்டும் மெருகேற்றியது போலப் பளபளத்தால் டயர் அங்கே தொடுகிறது.

ரோட்டில் இறங்கும் முன்

லிஃப்டுக்குப் பின் ஸ்டியரிங் சக்கரம் கோணலாக நிற்பது வழக்கம். டிராக் லிங்கின் (ஸ்டியரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) நீளத்தைத் திருத்தி நேராக்குங்கள். ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் தானே பிரேக் போடும் எலெக்ட்ரானிக் அமைப்பு) உள்ள வண்டிகளில், அது அந்தக் கோணலைப் பார்த்து வண்டி திரும்புகிறது என்று நினைத்துத் தேவையில்லாமல் பிரேக் போடக்கூடும். அன்றே வீல் அலைன்மென்டுக்குக் கொண்டுபோய், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டுமல்ல, காஸ்டர் கோணத்தையும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) அளக்கச் சொல்லுங்கள். முழு ஆக்சில் வண்டியைத் தூக்கினால் காஸ்டர் குறையும், வண்டி நேர்ரோட்டில் அலையும். ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள், இல்லாவிட்டால் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

முன்பு சொன்ன டயர் கணக்கில் விட்டம் 3.5 சதவீதம் கூடியிருக்கிறது. முன்பு ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது எவ்வளவு வேகத்தில் போனீர்களோ, இனி அதைவிட அவ்வளவு கூடுதலாகப் போவீர்கள். டயரின் எடை கூடியதால் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும், வண்டி உயர்ந்ததால் வளைவில் சாய்வும் கூடும். முதல் சில நாள் காலியான இடத்தில் மெதுவாகப் பழகுங்கள்.

100 கிலோமீட்டரில் வீல் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். 500 கிலோமீட்டரில் அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பாருங்கள். பெயின்ட் கோடு நேராக இருந்தால் அது அசையவில்லை. உடைந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால் அந்த போல்ட்டைக் கழற்றி, திரெட்டைத் துடைத்து, வண்டி தரையில் நிற்கும்போதே திரும்ப முறுக்கிப் புதுக் கோடு போடுங்கள்.