மிஸ்ட் ஊர்ல மாடலுக்கு க்ளியர் கோட் அடிக்கிறது எப்படி

நவம்பர் மாசம், சாயங்காலம் நாலரை மணி இருக்கும், குன்னூர்ல எங்க வீட்டு பால்கனி. 1965 போர்ல நம்ம ஏர்ஃபோர்ஸ் ஓட்டுன நேட் விமானம், 1/72 சைஸ் ப்ளாஸ்டிக் மாடல், மூணு வாரமா கட்டி பெயின்ட் பண்ணி டெக்கால் (தண்ணியில நனைச்சு ஒட்டற சின்னப் படம்) எல்லாம் ஒட்டி முடிச்சு கடைசி கோட்டுக்கு, அதாவது எல்லாத்துக்கும் மேல அடிக்கற நிறமில்லாத க்ளியருக்கு, வந்திருந்தேன். ஸ்ப்ரே கேன்ல அடிச்சேன், இறக்கை நனைஞ்சு பளபளன்னு நின்னுச்சு. கேனை கீழ வைக்கிறதுக்குள்ள ஓரத்துல இருந்து பால் படர்ற மாதிரி ஒரு வெள்ளை ஏறி மூவர்ண வட்டத்தையே மூடிடுச்சு. அன்னைக்கு மனசு ரொம்ப வலிச்சுது. அப்புறம் கோத்தகிரியில இருந்து ஒரு தம்பி அதே மாதிரி ஒரு போட்டோ அனுப்பி "அண்ணா வெள்ளையாயிடுச்சு, என்ன பண்றது"ன்னு கேட்டான், அவனுக்கு சொன்னதைத்தான் இங்க விரிவா எழுதறேன்.

முதல்ல ஏன் ஆகுதுன்னு புரிஞ்சுக்கணும். லாக்கர் (சீக்கிரம் காயற வகை) க்ளியர்ல பெயின்ட்டை கரைச்சு வச்சிருக்கற சால்வென்ட் வேகமா ஆவியாகும், அப்படி ஆவியாகும்போது அந்த இடம் சில்லுன்னு ஆயிடும் (கையில கொஞ்சம் தின்னர் பட்டா குளிருதுல்ல, அதேதான்). சுத்தி இருக்கற காத்துல ஈரம் ஜாஸ்தியா இருந்தா அந்த குளிர்ந்த பரப்புல தண்ணி கோத்து, காயாத க்ளியருக்குள்ள சின்ன சின்ன துளியா மாட்டிக்கும். அதான் அந்த வெள்ளை. கோயம்புத்தூர்ல இருக்கற ஃப்ரெண்டு அதே கேனை மொட்டை மாடியில அடிச்சா கண்ணாடி மாதிரி வரும், நமக்கு வராது. கேன்ல குறை கிடையாது, காத்துலதான்.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயின்ட் அடிக்கற சின்ன கன்) வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் வாங்குங்க. 60 சதவீதத்துக்கு கீழ காட்டினா தைரியமா அடிக்கலாம், 70க்கு மேல போனா லாக்கர் கேனை தொடவே வேண்டாம். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, ஊட்டி பக்கம் ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு, அந்த மாசங்கள்ல கட்டறது, புட்டி போடறது, தேய்க்கறதுன்னு பாருங்க, க்ளியர் கோட்டை தள்ளி வைங்க. ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் நல்ல வெயில் நாளா பாத்து காலைல பதினொன்னுல இருந்து ரெண்டு மணிக்குள்ள முடிச்சுடுங்க, மூணு மணிக்கு மேல பள்ளத்துல இருந்து மிஸ்ட் ஏறி வர ஆரம்பிச்சுடும், நம்ம ஊர்க்காரங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

கேனை அடிக்கறதுக்கு முன்னாடி வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில அஞ்சு நிமிஷம் வைங்க. கை பொறுக்கற சூடு போதும். அடுப்பு கிட்டயோ கணப்பு கிட்டயோ கேனை கொண்டு போகவே கூடாது, குளிருக்கு கணப்பு போட்ட ரூம்ல ஸ்ப்ரேயும் பண்ணக் கூடாது, அந்த ஆவி தீப்பிடிக்கும். குளிருதுன்னு ஜன்னலை சாத்திட்டு அடிக்கறதும் தப்பு. துணி மாஸ்க், என்95 எல்லாம் சால்வென்ட் ஆவியை தடுக்காது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க்தான் வேணும்.

சரி, வரிசை. கலர் அடிச்சு நல்லா காஞ்சதும் க்ளாஸ், அதாவது பளபளப்பான க்ளியர் (பளபளப்பு இல்லாததுக்கு மேட்னு பேரு). நிறைய பேர் "என் டேங்க் மேட்தானே, நான் ஏன் க்ளாஸ் அடிக்கணும்"னு இதை விட்டுடறாங்க. மேட் பெயின்ட்டை பூதக்கண்ணாடியில பாருங்க, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும், அந்த மேடு பள்ளத்துல டெக்கால் படுத்தா கீழ காத்து நின்னு வெள்ளி மாதிரி மின்னும், அப்புறம் எந்த மேட் போட்டாலும் அது மறையாது. வழவழப்பா இருந்தாத்தான் டெக்கால் பெயின்ட்டோட பெயின்ட்டா ஒட்டும்.

நான் க்ளாஸுக்கு தமியா கம்பெனியோட எக்ஸ்-22 (அக்ரிலிக் க்ளியர்) பயன்படுத்தறேன், பாதிக்குப் பாதி மிஸ்டர் லெவலிங் தின்னர் (மாடல் பெயின்ட்டுக்குன்னே வர்ற தின்னர்) கலந்து, ஏர்பிரஷ்ல 15ல இருந்து 18 பிஎஸ்ஐ காத்தழுத்தம். அந்த தின்னர்ல காயறதை மெதுவாக்கற ரிட்டார்டர் இருக்கு, பெயின்ட் நிதானமா சமமாகும், வெள்ளை ஏறறதும் குறையும், மலையில இருக்கறவங்களுக்கு இது பெரிய உதவி. ஹார்டுவேர் கடையில கிடைக்கற என்.சி தின்னரை இதுக்கு ஊத்தாதீங்க, ப்ளாஸ்டிக்கையே கடிச்சுடும். கார் பெயின்ட் கடையில ஹார்டனர் கலந்து தர்ற க்ளியரும் வீட்டுக்குள்ள வேண்டாம், அதுல இருக்கற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ரொம்ப கெடுதல்.

முதல் கோட் தூவற மாதிரி, பத்து பன்னெண்டு சென்டிமீட்டர் தள்ளி. பத்து நிமிஷம் விட்டு இன்னொரு தூவல். மூணாவதுதான் ஈரமா, வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சு பிடிச்சுக்கிட்டு அடிங்க, பல்போட பிம்பம் விளிம்பு தெளிவா அதுல தெரியற நேரத்துல நிறுத்திடணும், அதுக்கு மேல ஒரு வீச்சு போனாக்கூட இறக்கை நுனியில சொட்டா தொங்கும். கம்ப்ரஸர் வச்சிருக்கறவங்க வாட்டர் ட்ராப் (காத்துல வர்ற தண்ணியைப் பிடிக்கற வடிகட்டி) கட்டாயம் போடுங்க, டேங்க் அடியில இருக்கற வால்வை ஒவ்வொரு தடவையும் திறந்து விடுங்க, ஈரக் காத்தை அழுத்தினா தண்ணி வரத்தான் செய்யும்.

காயறதுக்கு நான் ஒரு பழைய மரப்பெட்டியில 40 வாட் குண்டு பல்பு மாட்டி வச்சிருக்கேன். அடிச்ச உடனே உள்ள வைக்காதீங்க, ஒரு மணி நேரம் வெளிய இருந்து ஆவி போகட்டும். காஞ்சுதான்னு தெரிஞ்சுக்க மூக்கு கிட்ட கொண்டு போங்க, வாசனை வந்தா இன்னும் காயல. அக்ரிலிக்னா ஒரு நாள், எனாமல் க்ளியர்னா இங்க மூணு நாளாவது.

க்ளாஸ் காஞ்சதும் டெக்கால், அதுக்கு வெதுவெதுப்பான தண்ணி, மேல இன்னொரு மெல்லிசு க்ளாஸ், அப்புறம் அழுக்கு படிஞ்ச மாதிரி காட்ட எனாமல் வாஷ் (ரொம்ப நீர்க்க கரைச்ச எனாமல் பெயின்ட்). அக்ரிலிக் க்ளாஸ் மேல எனாமல் வாஷ் போட்டா துடைச்சாலும் கீழ ஒன்னும் ஆகாது, எனாமல் க்ளாஸ் மேல எனாமல் வாஷ் போட்டா கரைஞ்சு வரும்.

இப்ப மேட். மேட் க்ளியர்ல பளபளப்பை உடைக்கறது அதுல கலந்திருக்கற பொடி, பெரும்பாலும் சிலிக்கா. அது பாட்டில் அடியில போய் உக்காந்துக்கும். குலுக்கினா மட்டும் பத்தாது, ஒரு குச்சி விட்டு அடியில இருந்து அஞ்சு நிமிஷம் கலக்கணும், குச்சி நுனியில கெட்டித் தயிர் மாதிரி ஒட்டறது நின்ன அப்புறம்தான் எடுக்கணும். கலக்காம அடிச்சா பாட்டில்ல மேல இருக்கற பாதி க்ளாஸா வரும், கடைசியில அடியில இருக்கற பொடி மொத்தமா வந்து விபூதி பூசின மாதிரி ஆயிடும். கெட்டியா அடிச்சாலும் அதேதான். மெல்லிசா ரெண்டு கோட் போதும். கறுப்பு, அடர் பச்சை மேல மேட் போட்டா கலர் கொஞ்சம் வெளுக்கும், அதனால கலரை ஒரு படி அடர்த்தியா வச்சுக்கங்க.

எல்லாத்தையும் ஒரே மேட்டா மூடறது எனக்கு பிடிக்காது. குன்னூர் ஸ்டேஷன்ல போய் நம்ம மலை ரயில் எக்ஸ் வகை நீராவி இன்ஜினை பக்கத்துல நின்னு பாருங்க. முன்னாடி ஸ்மோக்பாக்ஸ் (புகைப்பெட்டி) சூடு பட்டு பட்டு அடுப்புக்கரி மாதிரி செத்த கறுப்பு, பக்கத்து தண்ணி டேங்க் எண்ணெய்த் துணி வச்சு துடைச்சு துடைச்சு மினுமினுன்னு, சக்கரத்து கம்பியில க்ரீஸ் ஈரம். நான் ஸ்டைரீன் ஷீட்ல (ப்ளாஸ்டிக் தகடு) கட்டின இன்ஜின் மாடல்ல ஸ்மோக்பாக்ஸுக்கு முழு மேட், டேங்குக்கு மேட்டும் க்ளாஸும் பாதி பாதி கலந்து சாட்டின், கம்பிக்கு மட்டும் பிரஷ்ல க்ளாஸ். டேங்குக்கு முழு க்ளாஸ் போட்டா பொம்மை மாதிரி தெரியும், சின்ன சைஸ்ல பளபளப்பு எடுப்பா தெரியறதால அதை கொஞ்சம் குறைக்கணும்.

வெள்ளையாயிடுச்சுன்னா பதறி தேய்க்காதீங்க. ஈரத்துல வந்த வெள்ளைன்னா காஞ்ச நாளா பாத்து லெவலிங் தின்னரை மட்டும் தூரத்துல இருந்து லேசா ஒரு தூவல், க்ளியர் மறுபடி இளகி உள்ள இருக்கற தண்ணி வெளிய போயிடும், என் நேட் அப்படித்தான் ஜனவரி மாசம் திரும்ப வந்துச்சு. மேட் பொடியால வந்த வெள்ளைன்னா அது மேல ஒரு க்ளாஸ் அடிங்க, பெரும்பாலும் மறைஞ்சுடும், காஞ்ச பிறகு நல்லா கலக்கின மேட்டை மெல்லிசா போடுங்க.

கடைசியா கேனோப்பி (பைலட் தலைக்கு மேல இருக்கற கண்ணாடி மூடி) மேல இருக்கற மாஸ்கிங் டேப்பை மேட் காஞ்ச அப்புறம்தான் எடுக்கணும், ஓரத்துல ப்ளேடு நுனியால ஒரு கோடு கீறிட்டு மெதுவா, இறக்கை நுனி விளக்குக்கு பல்குத்தும் குச்சியில ஒரு சொட்டு க்ளாஸ் வைங்க.