சாதிக் ஹெதாயத்தை எங்கிருந்து தொடங்குவது?

எனக்கு 22 வயதில் ஒரு நண்பர் ஈரானிய எழுத்தாளர் சாதிக் ஹெதாயத்தின் 'குருட்டு ஆந்தை' நாவலைக் கையில் திணித்தார். சின்னப் புத்தகம், ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம் என்றார். நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். யார் பேசுகிறார், எது கனவு, எது நடந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி எடுக்க ஏழு வருஷம் ஆனது. தப்பான வாசல் வழியாக உள்ளே போனதுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. அதனால் ஹெதாயத்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்டால் நான் சொல்லும் வரிசை வேறு.

முதலில் நாய். 'தெருநாய்' என்ற சிறுகதை, அதே பெயரில் 1942இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. ஈரானில் வராமின் என்ற ஊரின் சதுக்கம். ஒரு ரொட்டிக் கடை, ஒரு இறைச்சிக் கடை, ஒரு நாட்டு மருந்துக் கடை, இரண்டு டீக்கடை, முடிதிருத்தும் கடை ஒன்று. அங்கே எஜமானனைத் தொலைத்துவிட்ட பாத் என்ற நாய், பார்க்கிறவர் எல்லோரிடமும் அடி வாங்குகிறது. கதை முழுக்க அதன் மூக்கின் வழியாகவும் நினைவின் வழியாகவும் நகர்கிறது. அவசரமில்லாமல் படியுங்கள். அந்த நாயின் கண்ணுக்குள் ஒரு மனித உயிரைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஹெதாயத் இளம் வயதிலிருந்தே சைவம். மரக்கறி உணவின் நன்மைகள் பற்றி 1927இல் ஒரு தனிப் புத்தகமே பெர்லினில் வெளியிட்டவர். இதை நினைவில் வையுங்கள். பின்னால் நாவலில் ஜன்னலுக்கு எதிரே ஒரு கசாப்புக்காரன் வருவான், அப்போது உதவும்.

அடுத்து 'தாஷ் ஆகோல்', 1932இல் வந்த 'மூன்று துளி ரத்தம்' தொகுப்பில் உள்ளது. ஷிராஸ் நகரத்துச் சண்டியர் ஒருவர். ஊரே மதிக்கும் ஆள். செத்துப்போன ஒரு ஹாஜியின் குடும்பத்தையும் சொத்தையும் காக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. அந்த வீட்டுப் பெண் மர்ஜான் மீது மனசு போய்விடுகிறது. பொறுப்பில் இருப்பவன் ஆசைப்படுவது துரோகம் என்று நினைத்து வாயைத் திறப்பதே இல்லை, ஒரு கிளியிடம் தவிர. முடிவை நான் சொல்லப் போவதில்லை. கிளியை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் இதை முதன்முதலில் படித்தது ஒரு பேருந்தில். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

இதே தொகுப்பின் தலைப்புக் கதையையும் இப்போதே படித்துவிடுங்கள். மனநல விடுதியில் இருக்கும் ஒருவன் பேசுகிறான். பூனை, பைன் மரம், அதனடியில் மூன்று துளி ரத்தம் என்று திரும்பத் திரும்ப அதே காட்சிகளுக்கு வருகிறான். சொன்னதையே வேறு ஆளின் மேல் ஏற்றிச் சொல்லும் இந்த முறை பழகிவிட்டால் நாவலுக்கு நீங்கள் பாதி தயார்.

சரி, இப்போது கொஞ்சம் வாழ்க்கை. 1903இல் தெஹ்ரானில் ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்தார். அரசு உதவித்தொகையில் பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் படிக்கப் போய், பட்டம் வாங்காமலே 1930இல் திரும்பினார். வங்கியில் எழுத்தர் வேலை பார்த்தார். அப்புறம் 1936இல் பம்பாய் வந்தார். பார்சி அறிஞர் பஹ்ராம்கோர் அங்கிலேசரியாவிடம் பஹ்லவி என்ற பழைய ஈரானிய மொழி படித்தார். அங்கேதான் 'குருட்டு ஆந்தை'யைத் தன் கையெழுத்தில் எழுதி, நகலெடுக்கும் கருவியில் சுமார் 50 பிரதி உருட்டி எடுத்தார். ஈரானில் அச்சிடவோ விற்கவோ கூடாது என்று அதிலேயே குறித்தார். ஈரான் மன்னர் ரேசா ஷாவின் தணிக்கை அப்படி இருந்தது. ஷா 1941இல் பதவி விலகிய பிறகுதான் தெஹ்ரான் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது.

1951 ஏப்ரலில், 48 வயதில், பாரிஸில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அங்கே பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். எல்லோரும் அவரை இந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் படிக்கிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம். நாயையும் கிளியையும் எழுதியவரை அந்த ஒரு நாளுக்குள் அடைத்துவிடுகிறார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மனசு சோர்ந்திருக்கும் காலத்தில் நாவலை எடுக்காதீர்கள், தள்ளி வையுங்கள். புத்தகம் எங்கும் போய்விடாது.

'குருட்டு ஆந்தை'யை ஆங்கிலத்தில் படிப்பதானால் மொழிபெயர்ப்பைப் பார்த்து வாங்குங்கள். 1957இல் வந்த காஸ்டெல்லோவின் மொழிபெயர்ப்பு சரளமாக ஓடும். நவீத் நூரியின் 2011 மொழிபெயர்ப்பு பம்பாய்க் கையெழுத்துப் பிரதியை ஒட்டியது. வாக்கியங்கள் மூச்சு முட்டி, கோடு போட்டு நின்று நின்று போகும். நான் இதைத்தான் விரும்புகிறேன், ஏனென்றால் பேசுகிறவனுக்கு மூச்சு அப்படித்தான் வாங்குகிறது.

நாவலுக்கு உட்காரும்போது ஒரு பென்சில் வேண்டும். கதை இரண்டு பகுதி. முதல் பகுதியில் பேனாக்கூட்டின் மேல் படம் வரைகிறவன் எப்போதும் ஒரே படத்தை வரைகிறான்: சைப்ரஸ் மரம், அடியில் இந்திய யோகி போலக் குனிந்து உட்கார்ந்த கிழவன், உதட்டில் விரல், எதிரே ஓடைக்கு அந்தப் பக்கம் கருப்பு உடைப் பெண் நீட்டும் நீலப் பூ. இந்தப் படத்தின் ஒவ்வொரு துண்டும் வேறு இடத்தில் தலைகாட்டும். காட்டும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கிழவனின் மயிர்க்கூச்செறியும் சிரிப்புக்கும் ஒரு கோடு. இரண்டு மாதம் நாலு நாள் என்ற கணக்குக்கும் ஒன்று. "இது யார்?" என்ற கேள்வியை மட்டும் தள்ளிப் போடுங்கள். சித்தப்பா, அப்பா, கிழவன் எல்லாம் ஒருவர் முகத்தில் ஒருவர் கரைவதுதான் கதை.

இரண்டாம் பகுதியில் புகாம் தாசி வருவாள், இந்தியாவில் லிங்கக் கோயிலில் ஆடுகிறவள். தாசி என்ற சொல்லுக்கு நமக்கு விளக்கம் வேண்டாம். இரட்டைச் சகோதரர்கள் இருவரை நாகப்பாம்போடு இருட்டறையில் அடைக்கிற பக்கங்கள் வரும். அங்கே நிறுத்தாமல் படியுங்கள்.

முடித்த அன்றே முதல் பகுதிக்குத் திரும்பிவிடுங்கள். தெஹ்ரானை ஒட்டிய பழைய ரேய் நகரத்து மண்ணில் தோண்டி எடுத்த ஜாடி ஒன்று வரும், அதில் தீட்டியிருக்கும் கண்களைப் பாருங்கள். என் பிரதியில் அந்தப் பக்கத்தில் பென்சில் கோடு இரண்டாம் முறைதான் விழுந்தது.