தரங்கிணில முதல் தடவ பாய்மரம் ஏறப் போறீங்களா, இத படிச்சிட்டு ஏறுங்க

கேரளால இருக்கற ஏழிமலை நேவல் அகாடமில ட்ரெயினிங் முடிச்சு கொச்சி வர்ற பசங்க கேக்கற முதல் கேள்வியே "மேல ஏறியே ஆகணுமா"ங்கறதுதான். ஆமா, ஏறணும். ஐஎன்எஸ் தரங்கிணி கோவா ஷிப்யார்டுல கட்டி 1997 நவம்பர்ல நேவில சேர்ந்த கப்பல், 3 மரம், 20 பாய், 2003-04ல உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டு வந்தது. 2012ல வந்த சுதர்ஷினியும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான், அதனால நான் சொல்றது ரெண்டுக்கும் பொருந்தும்.

மொதல்ல பாக்கெட்ட காலி பண்ணுங்க. போன், பேனா, சில்லற எதுவும் வேணாம், மேலருந்து ஒரு சின்ன ஸ்பேனர் விழுந்தாலும் கீழ நிக்கறவன் மண்ட போயிடும். கத்தி கொண்டுபோறதா இருந்தா கயிறு போட்டு இடுப்புல கட்டிக்கோங்க. ஹார்னஸ, அதாவது விழாம பிடிக்கற பெல்ட்ட, நீங்களே போட்டிருந்தாலும் பக்கத்துல இருக்கறவன விட்டு ஒரு தடவ இழுத்துப் பாக்கச் சொல்லுங்க.

மரத்துக்கு ரெண்டு பக்கமும் ஏணி இருக்கும், காத்து எந்தப் பக்கத்துலருந்து வருதோ அந்தப் பக்கமா ஏறுங்க. கப்பல் எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருக்கும், காத்தும் உங்கள ஏணி மேலயே அமுக்கும், மறுபக்கம் ஏறினா வெளிய தொங்கற மாதிரி ஆயிடும்.

இப்ப முக்கியமான விஷயம். கைய நெட்டா போற கம்பிலதான் பிடிக்கணும், குறுக்கு படில கால மட்டும் வைங்க. படி அறுந்தா கால்தான் வழுக்கும், கையும் அதுலயே இருந்துச்சுனா கத முடிஞ்சுது. ரெண்டு கை ரெண்டு கால்ல எப்பவும் மூணு பிடிமானத்துல இருக்கணும். கீழ பாக்காதீங்கன்னு சொல்வாங்க, நான் பாத்துட்டேன், தொண்ட வறண்டுபோய் 5 நிமிஷம் அப்படியே கட்டிப்பிடிச்சு நின்னேன், யாரும் சிரிக்கல, ஏன்னா எல்லாருக்கும் அது நடந்திருக்கு.

மேல போனதும் யார்டு, நம்ம தோணிக்காரங்க பருமல்னு சொல்வாங்களே அந்த குறுக்கு மரம். அதுக்குக் கீழ ஒரு கயிறு தொங்கும், நிக்க அதுதான் இடம். அதுல கால் வைக்கறதுக்கு முன்னாடி "வர்றேன்"னு சத்தமா கத்துங்க, நீங்க ஏறின உடனே ஏற்கனவே நிக்கறவன் கால் ஜிவ்வுனு மேல தூக்கும், சொல்லாம வச்சீங்கன்னா அவன் சாபம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது. ஹார்னஸ் கொக்கிய மாட்டுங்க, அப்புறம் வயித்த மரத்து மேல சாய்ச்சா ரெண்டு கையும் ஃப்ரீ, பாய மடிப்பு மடிப்பா உள்ள இழுத்து வயித்துக்கும் மரத்துக்கும் நடுவுல அமுக்கிட்டு அடுத்த மடிப்ப இழுக்கணும். எல்லாரும் ஒண்ணா இழுத்தாத்தான் வரும், நனைஞ்ச பாய் தனியா இழுத்தா அசையக்கூட அசையாது.

வாந்தி வரும், வெக்கப்படாதீங்க, காத்து போற பக்கமா எடுங்க அவ்ளோதான். வெறும் வயித்தோட மட்டும் ஏறாதீங்க, ரெண்டு பிஸ்கட்டாவது போட்டுக்கோங்க.

இறங்கும்போது வேகம் வேணாம், அதே மூணு பிடிமானம். டெக்குக்கு வந்ததும் வேல முடிஞ்சிடல, விட்ட கயிறெல்லாம் கடிகாரம் சுத்தற பக்கமா சுருட்டி அதோட முளைலயே, அதாவது கயிறு கட்டற கட்டைலயே மாட்டணும். எந்த முளைல எந்தக் கயிறுன்னு மொத வாரத்துலயே கண்ண மூடிட்டு தடவிப் பழகிக்கோங்க, ராத்திரி வாட்ச்ல, அதாவது நம்ம ட்யூட்டி நேரத்துல, பாய இறக்கச் சொல்லும்போது டார்ச் அடிச்சு தேடிட்டு இருக்க முடியாது.