அப்டேட் கவிழ்ந்தபின் மிரர் டிஸ்க்குகளை மீண்டும் இணைப்பது: எந்தப் பாதி மூலம், எந்தப் பாதி நகல்?

சிஸ்டம் அப்டேட் பாதியில் கவிழ்ந்து லினக்ஸ் சர்வர் பூட் ஆகாமல் நிற்கிறது. உள்ளே ரெய்டு 1 முறையில் (ஒரே தரவை இரண்டிலும் எழுதும் மிரர்) இரண்டு டிஸ்க்குகள் இருக்கின்றன. அப்டேட் தொடாமல் விட்ட தரவைக்கூட, அதன்பின் அவசரத்தில் அடிக்கும் ஒரு கட்டளை அழித்துவிடும். மிரர் உடைந்த நிலையில் ஒரு நாள் இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தவறான திசையில் ரீபில்டு (ஒரு பாதியை மற்றதன் மேல் முழுதாக நகலெடுப்பது) ஓடினால் திரும்பப் பெற வழியில்லை.

எது நல்ல பிரதி என்பது மிரருக்குத் தெரியாது. எது கடைசியாக எழுதப்பட்டது என்பதை மட்டும் அது பார்க்கும். ஒவ்வொரு பாதியிலும் மிரர் பற்றிய விவரக் குறிப்பான சூப்பர்பிளாக்கில் 'ஈவென்ட்ஸ்' என்றொரு எண் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து இயக்கினால் எண் பெரிதாக உள்ள பாதியை லினக்ஸின் மையமான கர்னல் ஏற்றுக்கொண்டு, மற்றதை 'நான்-ஃப்ரெஷ்' என்று வெளியே தள்ளும். அப்டேட்டுக்கு முன் ஒரு பாதியைக் கழற்றி வைத்திருந்தால், கெட்டுப்போன பாதிக்குத்தான் எண் அதிகம். எனவே மூலம் எது என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அப்படி எதையும் கழற்றி வைக்கவில்லை, இரண்டு பாதிகளும் ஒத்திசைவில் இருந்தன என்றால், கெட்ட கோப்புகள் இரண்டிலும் ஒரேமாதிரி எழுதப்பட்டிருக்கும். அங்கே ரீபில்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. ரெஸ்க்யூ யுஎஸ்பியில் (தனியாக பூட் ஆகும் மீட்பு லினக்ஸ்) பூட் செய்து சிஸ்டத்தைப் பழுதுபார்ப்பதே வேலை.

முதலில் சர்வரை அணைத்து, கெட்டது என்று சந்தேகிக்கும் டிஸ்கின் டேட்டா கேபிளைக் கழற்றுங்கள். பல ரெஸ்க்யூ யுஎஸ்பிகள் கேட்காமலேயே மிரரை இணைத்துவிடும் என்பதால் இதைவிட நம்பகமான பூட்டு இல்லை. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் இடம் மாறலாம். டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரெஸ்க்யூவில் பூட் ஆனதும், மிரரை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளையை 'எக்ஸாமின்' விருப்பத்தோடு ஒவ்வொரு பார்ட்டிஷன் மீதும் ஓட்டுங்கள். ஈவென்ட்ஸ், அப்டேட் டைம், அரே ஸ்டேட் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு டிஸ்கை மாற்றிப்போட்டு மற்றதற்கும் அதையே செய்யுங்கள். அப்டேட் டைமை ஊன்றிப் பார்க்கவேண்டும். நேற்றுவரை மிரரில் இருந்ததாக நினைத்த டிஸ்க், யாரும் கவனிக்காமல் மூன்று மாதம் முன்பே விலகியிருப்பது அரிதல்ல. அந்தப் பழைய பாதியை மூலமாக வைத்தால் மூன்று மாதத் தரவு போய்விடும்.

மூலம் என்று தேர்ந்த பாதியை மட்டும் வைத்து எம்டிஏடிஎம்மை 'அசெம்பிள்', 'ரன்', 'ரீட்ஒன்லி' (படிக்க மட்டும்) விருப்பங்களோடு இயக்குங்கள். ஏற்கெனவே தானாக இணைந்திருந்தால் முதலில் 'ஸ்டாப்' கொடுங்கள். கோப்புகளைப் பார்க்க மவுண்ட் செய்யும்போது ரீட்ஒன்லி மட்டும் போதாது: இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை அப்போதும் ஜர்னலை (முடியாமல் நின்ற மாற்றங்களின் பதிவேடு) இயக்கி எழுதப் பார்க்கும். அதற்கு 'நோலோட்', எக்ஸ்எஃப்எஸ் என்றால் 'நோரெகவரி' சேர்க்கவேண்டும். மிரரின் மெட்டாடேட்டா வடிவம் 0.90 அல்லது 1.0 ஆக இருந்தால் சூப்பர்பிளாக் பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கும். ஆகவே மிரரைத் தொடாமல் பார்ட்டிஷனையே நேராக மவுண்ட் செய்ய முடியும். செய்யாதீர்கள். அப்படி எழுதியது மிரரின் கணக்கில் ஏறாது, இரண்டு பாதிகளும் சத்தமில்லாமல் வேறுபட்டுப்போகும்.

கோப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். பிறகு மூன்றாவது டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். ரீபில்டு மூல டிஸ்கை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். பல வருடம் தொடப்படாத கெட்ட செக்டர்கள் அப்போதுதான் வெளிவரும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் பட்டியலில் 197ஆம் எண் (படிக்கமுடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்) சுழியைவிட அதிகமானால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நகல் கருவி கொண்டு முழு டிஸ்கையும் வேறொன்றுக்கு மாற்றி, அந்த நகலையே மூலமாக வையுங்கள். 199 (தரவு பரிமாற்றப் பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான்.

அப்டேட்டுக்குப் பின் கெட்ட பாதி சில மணி நேரமாவது ஓடியிருந்தால் அதில் புதிய மெயில், டேட்டாபேஸ் பதிவுகள் இருக்கலாம். அதையும் தனியாக, ரீட்ஒன்லியாக மவுண்ட் செய்து எடுத்துவிடுங்கள். அடுத்த அடி அதை அழிக்கும்.

இப்போது இரண்டு டிஸ்க்குகளையும் மாட்டி, தானாக இணைந்த எதையும் நிறுத்தி, கெட்ட பாதியின் ஒவ்வொரு மிரர் பார்ட்டிஷனிலும் சூப்பர்பிளாக்கை அழிக்கும் 'ஜீரோ-சூப்பர்பிளாக்' ஓட்டுங்கள். சீரியல் எண்ணை இரண்டுமுறை சரிபார்த்த பிறகு மட்டும். இதைத் தாண்டிப்போய், விலகிய பாதியை அப்படியே திரும்பச் சேர்க்கும் 'ரீ-ஆட்' கொடுக்கும் ஆசை வரும், வேகமாக முடியும் என்பதால். பிட்மேப் (எந்தப் பகுதிகள் மாறின என்ற குறிப்பு) உள்ள மிரரில் ரீ-ஆட் மாறிய பகுதிகளை மட்டும் நகலெடுக்கும். இரண்டு பாதிகளும் தனித்தனியாக ஓடியிருந்தால், மறுபக்கம் மாறிய பகுதிகள் இந்தப் பக்கத்துப் பிட்மேப்பில் இருக்காது. அவை அப்படியே தங்கி, மிரர் பார்வைக்கு நலமாகவும் உள்ளே அழுகியும் இருக்கும். மிரரைப் புதிதாக உருவாக்கும் 'கிரியேட்', இரண்டு பாதிகளும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும் 'அஸ்யூம்-கிளீன்' இரண்டையும் இந்த வேலையில் தொடவே வேண்டாம்.

மூலப் பாதியை ரீட்ரைட்டுக்கு மாற்றி, மற்றதை 'ஆட்' கொடுத்துச் சேருங்கள். ப்ராக் கோப்பகத்தின் எம்டிஸ்டாட் கோப்பில் சதவீதம் ஏறும்; முடிந்ததும் 'யு'வும் கோடுமாக இருந்தது 'யுயு' ஆகும். 4 டெராபைட், விநாடிக்கு 150 மெகாபைட் என்றால் ஏறத்தாழ ஏழரை மணி நேரம். நடுவில் டிஸ்க் காணாமல் போய் வந்தால் டைம்அவுட்டைச் சந்தேகியுங்கள். கர்னல் 30 விநாடிதான் காத்திருக்கும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரோடு அதைவிட நேரம் மல்லுக்கட்டும். டிஸ்க் ஆதரித்தால், அது இப்படி மல்லுக்கட்டும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் எஸ்சிடிஇஆர்சி மதிப்பை 70 ஆக்குங்கள், அதாவது 7 விநாடி. இல்லையேல் கர்னலின் காத்திருப்பை 180 விநாடியாக உயர்த்துங்கள்.

சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் மிரருக்கு வெளியே இருக்கும் விஷயம். ரீபில்டு அதை நகலெடுக்காது. இரண்டு டிஸ்க்குகளிலும் கிரப் என்ற பூட்லோடரை நிறுவவேண்டும். சர்வர் யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆவது என்றால், பூட் கோப்புகள் இருக்கும் இஎஸ்பி பார்ட்டிஷனின் கோப்புகளை இரண்டாவதற்கும் நகலெடுத்து, பூட் பட்டியலில் சேர்க்கவேண்டும். மிரர் எம்டி0 என்ற பெயரில் இல்லாமல் எம்டி127 என்று எழுந்தால், பெரும்பாலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு சிஸ்டம்) எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்பு பழசாகவோ காணாமலோ இருக்கும். கோப்பைத் திருத்தி இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்குங்கள்: ரெட்ஹேட் குடும்பத்தில் டிராகட் கட்டளை, டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளை.

யுயு வந்தபின் ஒரு டிஸ்கைக் கழற்றி பூட் செய்து பாருங்கள். மாட்டி, மீண்டும் யுயு வரும்வரை பொறுத்து, அதன்பிறகே அடுத்ததைக் கழற்றுங்கள். இங்கே ரீ-ஆட் பாதுகாப்பானது, ஒரு பக்கம்தான் ஓடியது. நடுவில் ஒத்திசைக்காமல் இரண்டையும் மாற்றி மாற்றி பூட் செய்தால் பழைய சிக்கலை நீங்களே உண்டாக்குவீர்கள். கடைசியாக மிரரின் சிங்க்-ஆக்‌ஷன் கோப்பில் 'செக்' எழுதி, இரண்டு பாதிகளும் வேறுபடும் இடங்களைக் காட்டும் மிஸ்மேட்ச் எண்ணைப் பாருங்கள். ஸ்வாப் (நினைவகத்துக்கு மாற்றாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) இருக்கும் மிரரில் அது சுழியாக இல்லாமல் போவது உண்டு, பதற வேண்டாம். வெறும் தரவு மட்டும் உள்ள மிரரில் வந்தால் மூன்றாவது டிஸ்கில் எடுத்த நகலோடு கோப்புகளை ஒப்பிடுங்கள்.