சபை ஊழியத்தில் உங்களுக்கான இடம்: முதல் மூன்று மாதம் என்ன செய்வது?

"ஊழியத்தில் பங்கெடுக்க விருப்பமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் பெயர் கொடுக்கவும்" என்று அறிவிப்பு வாசித்தால் பெயர்கள் வந்துவிடும். பாதிப் பேர் பாடகர் குழுவுக்கு, மீதிப் பேர் வாலிபர் ஐக்கியத்துக்கு. காணிக்கை எண்ணவும் மைக் பார்க்கவும் ஸ்டான்லி மருத்துவமனையில் படுத்திருக்கும் பாட்டியைப் போய்ப் பார்க்கவும் அதே பழைய நாலு பேர்தான். ஆறு மாதத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் காணாமல் போவார்கள்.

காரணம், எல்லாரும் "எனக்கு என்ன வரம் இருக்கிறது?" என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தினசரி பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் ஏழு பேரைத் தேடினார்கள். குறை முதலில், ஆள் அடுத்து. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் போகின்றன. இங்கே 'சபை' என்று வரும் இடத்தில் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 1: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் ஏழு நாளையும் எழுதி, வேலை, பயணம், தூக்கம், வீட்டு வேலை எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதில் பாதியை மட்டும் சபைக்குக் கொடுங்கள். நாலு மணி நேரம் இருந்தால் இரண்டு. எந்த வேலையை எடுத்தாலும் அதோடு ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு மீட்டிங், இரண்டு போன் ஒட்டிக்கொண்டு வரும். மீதிப் பாதி அதற்குப் போய்விடும்.

வடசென்னையில் இருப்பவர்கள் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஷிப்ட் வேலை என்றால் எந்த வாரம் நைட் ஷிப்ட் என்று குறித்துக்கொள்ளுங்கள். நைட் முடித்து வருகிறவரிடம் காலை 7 மணிக்குக் கேட் திறக்கும் வேலையைக் கொடுத்தால் மூன்றாவது வாரமே கேட் பூட்டியிருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலையைத் தாண்டி வர வேண்டியவர்கள் வார நாள் மாலை 7 மணி ஜெபக்கூட்டத்துக்குப் பொறுப்பு ஏற்க வேண்டாம்.

காசிமேட்டு மீனவக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் அப்போது கரையில் இருப்பார்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும், கூரை, பெயின்ட் வேலைக்கும் கை கொடுக்க நல்ல சமயம். ஆனால் வீட்டில் கையிருப்பு குறையும் சமயமும் அதுதான். அந்த மாதங்களில் அவர்களிடம் சந்தா வசூலிக்கும் பொறுப்பைக் கொடுப்பதும், அவர்களிடமே போய் வசூலிப்பதும் வேண்டாம்.

படி 2: மூன்று ஞாயிறு கவனியுங்கள்

யாரிடமும் சொல்லாமல் செய்யுங்கள். முதல் ஞாயிறு ஆராதனைக்கு 45 நிமிடம் முன்னால் வந்து கேட் பக்கம் நில்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, நாற்காலி போடுவது யார், படியேறத் தடுமாறும் பெரியவர்களைப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது ஞாயிறு கடைசி வரிசை: வசனம் காதில் விழுகிறதா, குழந்தையோடு வரும் அம்மாக்கள் எங்கே போய் நிற்கிறார்கள்? மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு அரை மணி நேரம். யாரும் பேசாமல் தனியாகச் செருப்பு மாட்டிக்கொண்டு போகிறவர்கள் யார்?

ஒரே ஆள் மூன்று இடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். காணிக்கைத் தட்டு எடுத்தவரே மைக்கையும் சரிசெய்து, கடைசியில் டீயும் ஊற்றினால், அந்த மூன்றில் ஒன்று உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது.

வருடத்தையும் பாருங்கள். லெந்து, பாடுகளின் வாரம், விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகை, டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கீத பவனி என்று வேலை ஏறி இறங்கும். கீத பவனிக்குப் பாடகர்கள் எப்போதும் கிடைப்பார்கள். கிடைக்காதவர்கள் வேறு: தெருவும் வீடும் தெரிந்து வரிசை போடுகிறவர், பைக்கில் முன்னால் போய்க் கதவு தட்டுகிறவர், மணியைப் பார்க்கிறவர். இரவு 10 மணிக்கு மேல் தெருவில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது சட்டம். கடைசி ஐந்து வீட்டுக்கு வாயால் பாடினாலும் கேட்கும்.

படி 3: யாரிடம், எப்போது, என்ன சொல்வது

ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கிக்கொண்டிருக்கும் ஆயரிடம் பேசாதீர்கள். "சந்தோஷம் தம்பி" என்பார், மறந்துவிடுவார். திங்கள்கிழமை பல ஆயர்களுக்கு ஓய்வு நாள். செவ்வாய் முதல் வியாழனுக்குள் போன் செய்து நேரம் கேட்டுப் போங்கள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு ஞாயிறு காலையில ரெண்டு மணி நேரம் இருக்கு. ஈஸ்டர் வரைக்கும் ஏதாவது ஒரு வேலை பாக்குறேன். மைக் பக்கம் ஆள் குறையுற மாதிரி தெரிஞ்சுது. யார்கிட்ட கத்துக்கலாம்?"

நேரம், முடிவு தேதி, பார்த்த குறை, கற்றுக்கொடுக்க ஆள். நாலும் இதில் வந்துவிட்டது. "எதுவானாலும் செய்றேன் ஐயா" என்று மட்டும் சொல்லாதீர்கள். பணிவாகத்தான் தெரியும், ஆனால் ஒரே மாதத்தில் ஐந்து வேலை உங்கள் தலையில் இருக்கும்.

எல்லா வேலையும் எல்லாருக்கும் திறந்திருக்காது. சி.எஸ்.ஐ. சபைகளில் குருசேகரக் குழுவுக்கு, அதாவது சபை நிர்வாகக் குழுவுக்கு நிற்க, திடப்படுத்தல் எடுத்து, சந்தா கட்டி, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கத்தோலிக்கப் பங்குகளில் நற்கருணை வழங்க உதவுகிறவர்களைப் பயிற்சி கொடுத்துத்தான் நியமிப்பார்கள். ஆனால் பங்கின் அக்கம்பக்கத்துச் சிறு குழுவான அன்பியத்தின் கூட்டத்துக்கோ, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையின் வீடு சந்திப்புக்கோ கூடப் போய்ப் பழகத் தடையில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டர் முடிவுதான்.

படி 4: ஒரே ஒரு வேலை

வேத வாசிப்பு: கூச்சமுள்ளவர்களுக்குக்கூட இது நல்ல தொடக்கம். பகுதியை வியாழக்கிழமையே கேட்டு வாங்கி, சத்தமாக மூன்று முறை வாசியுங்கள். நேபுகாத்நேச்சார் மாதிரிப் பெயர்களைப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரம் சொன்னதும் பக்கம் புரளும் சத்தம் அடங்கும்வரை காத்திருங்கள். எந்த மொழிபெயர்ப்பு என்று முதலிலேயே கேட்டுவிடுவது முக்கியம். பழைய திருப்புதலின் யாத்திராகமம், திருவிவிலியத்தில் விடுதலைப் பயணம். மேடையில் நின்று பக்கம் தேடக் கூடாது.

மைக், ஒலி: கற்றுக்கொள்ள நாலு வாரம் பிடிக்கும். மிக்ஸரை முதலில் போடுங்கள், ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையர் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும், நாளடைவில் ஸ்பீக்கர் போய்விடும். மைக் கூவினால் பதறி மொத்தச் சத்தத்தையும் குறைக்காதீர்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தமே திரும்ப மைக்குக்குள் போவதால்தான் அது கூவுகிறது. அந்த ஒரு மைக்கை மட்டும் இறக்குங்கள், மைக்கை ஸ்பீக்கருக்குப் பின்பக்கமாக நகர்த்துங்கள். கார்டுலெஸ் மைக்குக்கு ஆராதனைக்கு முன் புது பேட்டரி போட்டுவிடுங்கள். போன வார பேட்டரி பிரசங்கத்தின் நடுவில்தான் உயிரை விடும். ராயபுரம், திருவொற்றியூர் போலக் கடலோரம் இருக்கும் சபைகளில் உப்புக் காற்றால் ஜாக் முனைகள் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் 'கரகர' சத்தம் பாதி குறையும்.

காணிக்கை எண்ணுதல்: ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ண வேண்டும், மூன்றாமவர் எழுத வேண்டும். 500, 200, 100 என்று நோட்டுகளைப் பிரித்து, ஒருவர் எண்ணியதை மற்றவர் திரும்ப எண்ண வேண்டும். பெயர் எழுதிய கவர்களைத் தனியாகப் பிரித்து, உள்ளே இருக்கும் தொகையைக் கவர் மேலேயே எழுதுங்கள். மொத்தத்தை எண்ணிலும் எழுத்திலும் நோட்டில் எழுதி, மூவரும் கையெழுத்து. பணம் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. சபைப் பெட்டியில் பூட்டி, அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனுக்குத் தட்டிலிருந்தே முந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கொடுத்தவர் நல்லவர்தான். ஆனால் வரவிலும் வராது, செலவிலும் வராது, வருடக் கடைசியில் சண்டையில் மட்டும் வரும். எண்ணி எழுதி முடித்த பிறகு வவுச்சர் போட்டுக் கொடுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை வீட்டில்கூடச் சொல்ல முடியாது. வாய் அடங்காதவர்கள் இந்த மேசைக்கு வர வேண்டாம்.

டீ: நூறு பேருக்கு, ஆளுக்கு 100 மில்லி என்றால் 10 லிட்டர் வேண்டும். பால் 6 லிட்டர், தண்ணீர் 4 லிட்டர், டீத்தூள் கால் கிலோ, சர்க்கரை சுமார் ஒரு கிலோ. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சர்க்கரை போடும் முன்பே ஒரு பிளாஸ்கில் எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி ஜெபத்துக்கு முன்னால் கிளாஸ் சத்தம் வரக் கூடாது.

ஞாயிறு பள்ளி: பாட்டும் கதையும் பிறகு வந்துவிடும். முதலில் சில கட்டுப்பாடுகள். ஒரு வகுப்பில் பெரியவர்கள் இரண்டு பேர். கதவு திறந்திருக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்கக் கூடாது, தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது. பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்ததாகத் தெரியவந்தால் "சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

மருத்துவமனைச் சந்திப்பு: வடசென்னை சபைகளுக்கு இது ஓயாத வேலை, ஆளும் ரொம்பக் குறைவு. பார்வையாளர் நேரத்தை அன்றே கேட்டுக்கொண்டு இரண்டு பேராகப் போங்கள். பத்து நிமிடம் போதும். கட்டிலில் உட்காராதீர்கள். பழம், பலகாரம் எதுவும் கூட இருப்பவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். "ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் ஜெபியுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட வாயில் வரக் கூடாது. நோயாளியோடு படம் எடுத்து சபைக் குழுவில் போடுவது அசிங்கம். கூட இருக்கிறவருக்கு ஒரு வேளை சாப்பாடு, ஒரு இரவு மாற்று ஆள், இந்த இரண்டையும் ஏற்பாடு செய்தால் அதுவே பெரிய ஊழியம். ரத்தம் கொடுக்கிறவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருங்கள்: வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை. கடைசியாகக் கொடுத்த தேதியையும் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அவசரத்துக்கு பத்துப் பேரைக் கூப்பிட்டு இரண்டு பேர்தான் தேறுவார்கள்.

துக்க வீடு: செய்தி வந்த முதல் ஒரு மணி நேரத்தில் அழாத ஆள் ஒருவர் வேண்டும். இறப்பை உறுதிசெய்த மருத்துவர் சான்று, ஃப்ரீஸர் பாக்ஸ், ஷாமியானா, நாற்காலி, டீ, ஆயரிடம் நேரம். கூடவே கல்லறை. காசிமேடா கீழ்ப்பாக்கமா, குடும்பக் கல்லறை ஏற்கெனவே இருக்கிறதா, அதன் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். அந்தக் காகிதம் கிடைக்காமல்தான் அடக்க நேரம் தள்ளிப்போகும். மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று ஆள் கூட்டம் குறைந்த பிறகு ஒருமுறை போய் உட்கார்ந்து வாருங்கள்.

படி 5: மூன்று மாதம்

முதல் மாதம் பழைய ஆளின் பக்கத்தில் நின்று பாருங்கள், எடுபிடி வேலை மட்டும். இரண்டாம் மாதம் நீங்கள் செய்ய, அவர் பக்கத்தில் நிற்கட்டும். மூன்றாம் மாதம் தனியாக. இதைச் சுருக்காதீர்கள்.

"இருபது வருஷமா நான்தான் பாக்குறேன்" என்கிற அண்ணன் ஒருவர் எல்லாச் சபையிலும் உண்டு. அவர் செய்வது தப்பாகவே தெரிந்தாலும் முதல் மாதத்தில் திருத்தாதீர்கள். "அண்ணே, இத ஏன் இப்பிடி வெச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். பாதி நேரம் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்த ஸ்விட்ச்சில் ஷாக் அடிக்கும் என்பது போல.

சபைத் தேர்தல் வரும். இரண்டு அணியும் உங்களைக் கூப்பிடும், புது முகம் என்பதால் கூடுதலாகவே. முதல் வருடம் எந்த அணிக்கும் போகாதீர்கள். ஓட்டு மட்டும் போடுங்கள். அணி சேர்ந்தவர் மைக் பிடித்தால்கூட அதில் அரசியல் பார்ப்பார்கள்.

வேலை ஒத்துவரவில்லை என்பது எப்படித் தெரியும்? சனிக்கிழமை மாலையே எரிச்சல் தொடங்கினால், அல்லது மூன்று மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் சொல்லாமல் வராமல் இருந்தால், வேலையை மாற்றுங்கள். களைப்பு வேறு, எரிச்சல் வேறு. களைத்தவருக்கு இரண்டு வாரம் விடுப்பு போதும்.

படி 6: ஒப்படைப்பது

சொன்ன தேதி வந்ததும் ஆயரைப் பாருங்கள். தொடர்வதானால் அடுத்த தேதி ஒன்றைச் சொல்லுங்கள். விடுவதானால் மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டு, அடுத்தவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: சாவி எத்தனை, எது எதற்கு, பேட்டரி எந்தக் கடையில், டீத்தூள் எவ்வளவு மிச்சம், ரத்தம் கொடுப்பவர் பட்டியல், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் யார். சாமான்களை அவர் முன்னால் எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைச் சபை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.